பரு போனாலும் போகாத கறை: அதிமதுரமா, ஆர்பூட்டினா, அசெலாயிக் ஆசிட்டா?

பரு ஆறிய இடத்தில் கறுப்பாக ஒரு தடம் நிற்குமே, எனக்குத் தாடையோரம் அப்படி ஏழெட்டு இருந்தன. மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது அசெலாயிக் ஆசிட்டில்தான் நிற்கிறேன். மூன்றுமே செடிகளில் இருப்பவை, தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் என்சைமைத் தடுப்பவை. எதைப் போட்டாலும் பகலில் சன்ஸ்கிரீன் வேண்டும், அது தெரிந்த கதை.

அதிமதுரப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். எரிச்சலே இல்லை, ஆனால் காய்ந்து பொருக்காக உதிர்ந்ததுதான் மிச்சம், கறை அப்படியே இருந்தது. வேலை செய்யும் கிளாப்ரிடின் வேரில் கொஞ்சமே இருக்கிறது, அதுவும் தண்ணீரில் கரையாது. பூசுவதானால் கிளாப்ரிடினைப் பிரித்தெடுத்துச் சேர்த்த கிரீம்தான் சரி.

ஆர்பூட்டின் பேர்பெர்ரி என்ற குறுஞ்செடியின் இலையில் இருப்பது. தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்தோடு ஒரு குளுக்கோஸ் ஒட்டிய மூலக்கூறு. சீரங்களில் பெரும்பாலும் வருவது அதன் இன்னொரு வடிவமான ஆல்பா ஆர்பூட்டின். இதை முகக் கிரீமில் 2% வரைதான் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. இரண்டு மாதத்தில் கறை கொஞ்சம் வெளுத்தது, உண்மைதான். ஆனால் ஒரு தடம் மங்குவதற்குள் பக்கத்தில் புதுப் பரு வந்து இன்னொரு தடம் வைத்துவிட்டுப் போகும்.

எனக்கு முடிவைச் சொன்னது இந்த இடம்தான். கோதுமை, பார்லியில் இருக்கும் அசெலாயிக் ஆசிட் (கிரீமில் வருவது தொழிற்சாலையில் தயாரிப்பது) பருவுக்கே மருந்து: பாக்டீரியாவை அடக்கும், துளை அடைப்பதைக் குறைக்கும், வீக்கத்தைத் தணிக்கும், கூடவே அளவுக்கு மீறி மெலனின் சுரக்கும் செல்களைப் பார்த்துப் பிடிப்பதால் சுற்றியுள்ள தோலை வெளுக்க வைக்காது. புதுக் கறை வருவது நின்றால்தானே பழையதைக் கரைப்பதில் அர்த்தம் இருக்கிறது! மூன்றாவது மாதம் கண்ணாடியில் தேடினால் இரண்டு தடம்தான் இருந்தது.

ஆனால் தொடக்கத்தில் அரிக்கும். பூசி ஐந்து நிமிடத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு தினமும் போடாதீர்கள், மாநிறத் தோலில் எரிச்சலே கறையாக மாறிவிடும். நான் மாய்ஸ்சரைசர் போட்டு, அது காய்ந்த பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் மட்டும் பூசினேன், இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்கியது.

மங்குக்கும் 20% கிரீமை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். எனக்கு மங்கு கிடையாது, என் அனுபவம் பருக்கறையோடு சரி. பரு வருவது நின்று பழைய தடம் மட்டும் இருக்கிறது, தோலும் எதற்கெடுத்தாலும் சிவக்கிறது என்றால் ஆர்பூட்டினே போதும்.