முச்சக்கரவண்டியா, வானா? சக்கரநாற்காலியில் இருப்பவரின் வைத்தியசாலைப் பயணம்

முதுகுத்தண்டில் அடிபட்டு இயக்கமிழந்த ஒருவரைப் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அழைத்துவரும் குடும்பங்கள், எதை வாடகைக்குப் பிடிப்பது என்று தடுமாறுவதை அடிக்கடி காண்கிறோம்.

செலவு: முச்சக்கரவண்டிக்குக் குறைவு, வானுக்குக் கூடுதல்.

பாதை: முச்சக்கரவண்டி ஒடுங்கிய ஒழுங்கைக்குள்ளும் வாசல்வரை வரும், வான் சில இடங்களில் பிரதான வீதியிலேயே நின்றுவிடும்.

ஏற்றி இறக்குதல்: கைப்பலம் உள்ளவர், தாழ்வான முச்சக்கரவண்டிக்குள் மாற்றுப்பலகையின் (சக்கரநாற்காலிக்கும் ஆசனத்துக்கும் இடையே பாலம்போல வைக்கும் பலகை) உதவியோடு தாமே நகர்ந்து அமரக்கூடும். வானின் தளம் 60 சென்ரிமீற்றர் உயரமெனில், 1:12 (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) என்ற பாதுகாப்பான சரிவுக்கு 7 மீற்றருக்கு மேற்பட்ட சாய்தளம் தேவை என்பதால், நடைமுறையில் இருவர் தூக்கவே வேண்டியிருக்கிறது. அப்போது உடலை இருக்கையில் இழுக்காமல் தூக்க வேண்டும்; உணர்ச்சியற்ற தோல் உராய்ந்தால் புண்ணாகிவிடும், அதை அவர் உணரவும் மாட்டார்.

உடற்சமநிலை: முச்சக்கரவண்டியின் பக்கங்கள் திறந்திருப்பதால், உடலை நிமிர்த்திப் பிடிக்க இயலாதவருக்கு அருகில் ஒருவர் அணைத்தபடி இருந்தாக வேண்டும். வானில் ஆசனத்தைச் சாய்த்துப் பட்டி கட்டலாம்.

வெப்பம்: கழுத்துப் பகுதியில் பாதிப்புற்றவரின் உடல் போதியளவு வியர்க்காததால் சூடு தணியாது; ஆகவே குளிரூட்டிய வான் அவருக்கு ஆடம்பரமன்று.

ஆகவே, கைப்பலமுள்ளவரின் குறுகிய பயணத்துக்கு முச்சக்கரவண்டி போதும். கழுத்துப் பாதிப்புள்ளவருக்கும் கொழும்புவரை செல்பவருக்கும் வானே பொருத்தம். ஆனால் வழியில் அரைமணிக்கொருமுறையாவது இருக்கையில் உடல் அழுந்தும் இடத்தை மாற்றிவிட வேண்டும். பிட்டத்தில் ஏற்கெனவே படுக்கைப்புண் உள்ளவரை இரண்டிலும் அமர்த்தாமல், படுத்தபடி செல்லும் வாகனத்தையே தேடுங்கள்.