எந்த வருஷத்துப் படம்? – அரசு நிலத் தரவுகளோடு என் பன்னிரண்டு வருஷம்

போன வாரம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். சிவில் முடித்து, ஒரு சர்வே நிறுவனத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். இப்போது கடன் வாங்கிச் சொந்தமாக ரோவர் (செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தை அளக்கும் கருவி) வாங்கப் போகிறார். "அண்ணே, கவர்ன்மென்ட் சைட்ல இருக்கிற மேப்பை நம்பி வேலை ஒத்துக்கலாமா? இல்ல எல்லாத்தையும் நாமளே முதல்லேர்ந்து அளந்தாதான் ஆச்சா?" என்று கேட்டார். நான் வழியில் இருந்தேன். "நம்பலாம் தம்பி, இப்ப எவ்வளவோ பரவாயில்ல, தைரியமா எடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் 2013லிருந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய் அளக்கிறேன். தூர்வார, கலுங்கு (உபரி நீர் வழியும் அமைப்பு) கட்ட, வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) மீட்க என்று விவசாயிகள் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் கொடுக்கிற வேலைதான் பெரும்பாலும். புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் இரண்டு சொல்: டோபோ ஷீட் என்பது மேடு பள்ளம், நீர்நிலை, சாலை எல்லாம் காட்டும் வரைபடம்; புலப்படம் என்பது ஒரு சர்வே நம்பரின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசுப் படம். இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் மனசு நிறைந்தது எது என்று சொல்லிவிடுகிறேன். கோர்ஸ் (CORS) என்கிற அளவை நிலையங்களின் வலை. மத்திய அரசின் அளவை நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை நிறுவியிருக்கிறது. அவை ராப்பகலாகச் செயற்கைக்கோள் சிக்னலைப் பதிவு செய்கின்றன, அதிலிருந்து வரும் திருத்தம் மொபைல் இணையம் வழியாக நம் கருவிக்கு வந்துவிடுகிறது. முன்பு இரண்டு கருவி வேண்டும். ஒன்றை பேஸ் என்று ஓரிடத்தில் நிறுத்தி, பேட்டரி மாட்டி, குடை பிடித்து, காவலுக்கு ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும். ஆடு வந்து ஸ்டாண்டை இடித்துவிட்டால் அன்றைய கூலி போச்சு. இன்னொரு கருவியோடு கரை முழுக்க நடந்து, ராத்திரி வீட்டுக்கு வந்து இரண்டு பதிவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான், பகலில் அளந்தது சரியா என்பதே தெரியும்.

கோர்ஸில் முதல் தடவை இணைந்து, ஒரு பழைய கலுங்குக் கல்லின் மேல் கம்பை நிறுத்திய காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. திரையில் 'ஃப்ளோட்' (இடம் இன்னும் உறுதியாகவில்லை) என்று கொஞ்ச நேரம் நின்றது. குமிழியை நடுவில் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன். 'ஃபிக்ஸ்' (உறுதியாகிவிட்டது) என்று மாறியது. பிழை இரண்டு சென்டிமீட்டர். கம்பை எடுத்து, ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி அதே கல்லில் வைத்தேன். அதே எண். மூன்றாவது தடவையும் அதுவே. கூட வந்த பையன், "என்ன சார், கல்லு நகர்ந்துடுமா?" என்று கேட்டான். அவனுக்கு அது சாதாரணம். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். டவர் கிடைக்காத உள்கிராமங்களில் இது உதவாது, அங்கே பழைய முறைக்குத்தான் திரும்ப வேண்டும். ஆனாலும் என் தொழிலில் இவ்வளவு பெரிய மாற்றம் வேறு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வரைபடம் என்றாலே பூட்டி வைக்கிற பொருள் என்றிருந்த நாடு இது. 2005ஆம் வருஷத்து தேசிய வரைபடக் கொள்கைதான் ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு, இந்தியர்கள் அளப்பதற்கும் படம் வரைவதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இன்று 1:50,000 டோபோ ஷீட்டை வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் புலப்படமும், நில விவரங்கள் எழுதிய அ-பதிவேடும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு சர்வே நம்பரின் படத்துக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நின்றவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன். எனக்கு ஒரே ஒரு குறைதான். பன்னிரண்டு வருஷமாக அது அப்படியே இருக்கிறது. படங்களில் தேதி இருப்பதில்லை. எப்போது எடுத்தது, எதை வைத்து வரைந்தது, எங்கிருந்து அளந்தது என்ற மூன்று விவரமும் இல்லாமல்தான் பாதி லேயர்கள் (வரைபடத்தின் மேல் அடுக்காகப் போடுகிற தரவுகள்) இணையத்தில் கிடக்கின்றன.

போன சித்திரையில் ஒரு கண்மாய் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எல்லை காட்ட வந்தார். கிழக்குப் பக்கம், உள்வாயில் (கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் பகுதியில்), ஒரு கருவேலம் புதருக்குப் பின்னால் போய்க் காலால் மண்ணைத் தள்ளினார். தலை மட்டும் தெரிகிற எல்லைக்கல். "இது வரைக்கும் தண்ணி நிக்கும். நிறைஞ்ச வருஷம் இந்தக் கருவை இடுப்பளவு முங்கிடும்" என்றார். கல்லில் ரோவரை வைத்தேன். அடுத்த கல்லில் வைத்தேன். இரண்டுக்கும் நடுவே டேப் பிடித்தும் பார்த்தோம். புலப்படத்தில் எழுதியிருந்த நீளத்தோடு அப்படியே பொருந்தியது. எத்தனையோ வருஷம் முன்னால் யாரோ ஒரு சர்வேயர் வெயிலில் நின்று சங்கிலி இழுத்து எழுதிய எண் அது. ஆனால் ஒரு அரசுத் தளத்தின் நீர்நிலை லேயரைப் பின்னணியில் போட்டால், கண்மாயின் கிழக்கு எல்லை அந்தக் கல்லுக்கு அறுபது மீட்டர் உள்ளே நிற்கிறது.

கோட்டின் வளைவு நெளிவைப் பார்த்தாலே புரிந்துவிடும். தண்ணீர் வற்றிய மாதத்தில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில், தண்ணீர் தெரிந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார்கள். அதுவும் உபயோகமான தரவுதான். எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று தெரிந்தால் எனக்கே பாதி வேலை மிச்சம். ஆனால் அந்த லேயருக்கு வைத்திருக்கிற பெயர் 'நீர்நிலை எல்லை'. தண்ணீர் நின்ற ஓரமும் கண்மாயின் எல்லையும் ஒன்றா? பங்குனியில் எடுத்தால் பாதிக் கண்மாய், ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்தால் முழுக் கண்மாய். மாதம் எழுதாவிட்டால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை.

சங்கக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. அந்தக் கிழக்குப் பட்டியில் மிளகாய் போட்டிருப்பவர் எழுந்து போனை நீட்டினார். "பாருங்க, கவர்ன்மென்ட் மேப்லயே இது கண்மாய்க்கு வெளியதான் இருக்கு" என்றார். அவர் எதையும் திருத்திக் காட்டவில்லை, தளத்தில் இருந்ததைத்தான் காட்டினார். போன் கை மாறிக் கை மாறிப் போனது. பெரியவர் கடைசியாக வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "இது எந்த வருஷத்துப் படம் தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் படித்தவன், கருவி வைத்திருப்பவன் நான்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டவர் அவர். வீட்டுக்கு வந்து தளம் முழுக்கத் தேடினேன். லேயரைக் கிளிக் செய்தால் பெயரும் பரப்பும் வருகிறது, அவ்வளவுதான். மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, சம்பந்தப்பட்ட துறையை அணுகவும் என்று ஒரு வரி வந்தது. எந்தத் துறை என்று அதில் இல்லை.

புலப்படத்தைக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காட்டினேன். ஆனால் புலப்படம் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனி. ஜி-லைன் என்று ஒரு அடிப்படைக் கோடு ஓடும், அதிலிருந்து இந்தப் பக்கம் இத்தனை மீட்டர், அந்தப் பக்கம் இத்தனை மீட்டர் என்று அளவு இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது. அதனால் அந்தப் படம் சொல்கிற இடத்தைப் பூமியில் கண்டுபிடிக்கக் கல் வேண்டும். கல் காணாமல் போன ஊரில் புலப்படம் வெறும் ஓவியம். இந்த ஊரில் கல் இருந்தது, அளவும் பொருந்தியது. இருந்தும் விரல் வைத்தால் பெரிதாகிற வண்ணப் படத்துக்கு முன்னால், நான் கொண்டுபோன கறுப்பு வெள்ளைக் காகிதம் அன்றைக்கு எடுபடவில்லை.

உயரத்திலும் இதே பிரச்சினை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவு. அதனால் அங்கே கடல்மட்டம், ஜி.பி.எஸ். கணக்குக்கு வைத்திருக்கிற கணித உருண்டையை விடச் சுமார் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே கடல்மட்டம் இப்படி மிக அதிகமாகத் தாழ்ந்து கிடக்கும் இடம் அதுதான். நாம் அதற்குப் பக்கத்தில் இருப்பதால், எங்கள் மாவட்டங்களில் ஜி.பி.எஸ். காட்டும் உயரத்துக்கும் கடல்மட்டத்திலிருந்து எண்ணும் உயரத்துக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம் வரும். ஒரு கோப்பில் மடையின் அடிமட்டம் இத்தனை மீட்டர் என்று எண் மட்டும் இருந்தால், எதிலிருந்து இத்தனை என்று நான் கேட்கத்தான் வேண்டும். 90 மீட்டர் பிசகினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு வேறு பெஞ்ச் மார்க்கில் (உயரம் குறித்து வைத்த அடையாளத்தில்) தொடங்கி அரை மீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது, அப்புறம் வரத்துக்கால் தண்ணீர் எதிர்ப்பக்கம் நிற்கும். எங்கள் பக்கம் தட்டையான பூமி, ஒரு மீட்டர் ஏற்ற இறக்கத்தில்தான் விவசாயமே நடக்கிறது. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு, கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். எண்ணை எழுதியவர் எங்கிருந்து அளந்தது என்பதையும் அதே பலகையில் எழுதினார்.

கூடுதலாகக் கோபம் வருவது ஏன் என்றால், இது யாரும் யோசிக்காத விஷயம் கிடையாது. தேசிய இடம்சார் தரவுக் கட்டமைப்பு என்ற திட்டத்துக்கு 2001இல் ஆவணம் போட்டார்கள், 2006இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் அடிப்படை வேலைகளில் ஒன்று, எந்தத் துறையிடம் என்ன படம் இருக்கிறது, எந்த வருஷத்தது, எந்த அளவையில் எடுத்தது என்று விவரப் பட்டியல் உண்டாக்குவது. இருபது வருஷம் ஆகப்போகிறது. அதற்கும் முன்னால், 1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலை அருகே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டன் தன் பெரிய நில அளவைக்கு அடிக்கோடு (முதலில் அளக்கும் ஆதாரக் கோடு) அளக்கத் தொடங்கியபோது, வெயிலில் எஃகுச் சங்கிலி நீளுமே என்று வெப்பமானி வைத்து, அதைக் குறித்துக்கொண்டு, திருத்தம் கண்டார். அளவோடு அளந்த விதத்தையும் எழுதி வைக்கிற பழக்கம் நம் ஊரிலேயே இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு.

துறைகளில் வேலை பார்க்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களில் பலர் என்னை விட நன்றாக அளப்பவர்கள். மூலக் கோப்பில் தேதி இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு துறை வரைகிறது, இன்னொன்று வாங்கிச் சேர்க்கிறது, மூன்றாவது தளத்தில் ஏற்றுகிறது. மூன்று கை மாறுவதற்குள் அந்தக் கட்டம் உதிர்ந்துவிடுகிறது. தேதி இல்லாத கோப்பை ஏற்ற மாட்டேன் என்று தளமே மறுத்தால் போதும், எல்லாத் துறையும் தானாக எழுதும்.

2022ஆம் வருஷத்துத் தேசிய புவிசார் கொள்கை, 2030க்குள் ஊர்ப்புறங்களுக்கும் நகரங்களுக்கும் 5 முதல் 10 சென்டிமீட்டர் துல்லியத்தில் வரைபடம் என்று இலக்கு வைத்திருக்கிறது. 2025 பட்ஜெட்டில் தேசிய புவிசார் இயக்கம் என்று அறிவித்து 100 கோடி ஒதுக்கினார்கள். வரட்டும், எனக்கு அது வேண்டும். ஆனால் அந்த 5 சென்டிமீட்டர் படமும் தேதி இல்லாமல் வந்தால், அடுத்த கூட்டத்தில் இன்னும் அழுத்தமாக அதை நீட்டுவார்கள், பெரியவர் கேட்ட கேள்விக்கு அப்போதும் என்னிடம் பதில் இருக்காது.

எனவே தம்பிக்கு, போனில் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ரோவர் வாங்குங்கள், கோர்ஸில் பதிவு செய்யுங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தளத்தில் இருக்கிற எல்லைக்கோட்டை வைத்து யாரிடமும் விலை பேசாதீர்கள். இவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டு ஏன் இப்படி என்று கேட்கலாம். இன்றைக்கு அரசு நிலத் தரவுகளுக்கு என்னை மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். அந்த மண்டபத்தில் பதில் இல்லாமல் நின்றது இன்னும் ஆறவில்லை.

அந்தக் கண்மாயில் புலப்படத்தின்படி இருபத்திரண்டு கல் இருக்க வேண்டும். இதுவரை பதினொன்று கிடைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அளந்த தேதி, இணைந்த நிலையம், உயரம் எதிலிருந்து என்று எழுதி, போட்டோவோடு சங்கத்து நோட்டிலும் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை மீதியைத் தேடப் போகிறோம். பெரியவர் வருகிறார். நீங்களும் வாங்க தம்பி, ரோவர் வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வாங்க. எந்தப் புதருக்குப் பின்னால் தோண்ட வேண்டும் என்று அவர் சொல்வார்.