வழிகாட்டி நாயுடன் எட்டு வருடம்

2016 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை ஹேசல் என்ற கறுப்பு லாப்ரடார் என் இடது பக்கம் நடந்தாள். ஜெர்சி சிட்டியில் வீடு, நியூயார்க்கில் வேலை. தினமும் ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தில் பாத் ரயில் ஏறி வேர்ல்ட் டிரேட் சென்டரில் இறங்கி அலுவலகம் போக வேண்டும். எட்டு வருடம் இந்தப் பாதையை அவளோடுதான் போய் வந்தேன். பார்வை குறைந்துவரும் யாராவது, அல்லது அப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கிற யாராவது படித்தால் உதவும் என்று இதை எழுதுகிறேன். நான் விண்ணப்பித்த காலத்தில் தமிழில் இப்படி ஒன்று கிடைக்காதா என்று தேடித் தேடி அலுத்திருக்கிறேன்.

எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிற பரம்பரை நோய். அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் தடுமாறுவேன். மாலைக்கண் என்று சொல்லி, வருடக்கணக்கில் முருங்கைக் கீரையும் பப்பாளியும் கொடுத்தார்கள். இது கீரைக்கு அடங்குகிற நோய் இல்லை என்பது கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. முப்பத்தைந்து வயதில் பக்கப் பார்வை முழுவதும் போய், ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுதான் மிஞ்சியது. இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

ஹேசல் வந்தது நியூஜெர்சி மாநிலம் மோரிஸ்டவுனில் இருக்கும் தி சீயிங் ஐ பள்ளியிலிருந்து. அமெரிக்காவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளிகளில் மிகப் பழையது அதுதான். முதல் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியில் நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சுவிட்சர்லாந்தில் இருந்த டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். நாஷ்வில்லில் இருந்த மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர், அதை வாசிக்கக் கேட்டு, எனக்கு ஒரு நாய் பழக்கிக் கொடுங்கள், நான் மற்றவர்களுக்கும் வழி செய்கிறேன் என்று அவருக்குக் கடிதம் போட்டார். சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, 1928-ல் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டோடு நியூயார்க்கில் வந்து இறங்கி, வண்டிகள் பறக்கும் வெஸ்ட் ஸ்ட்ரீட்டைப் பத்திரிகைக்காரர்கள் பார்க்கக் கடந்தார். அடுத்த வருடம் ஜனவரியில் பள்ளி தொடங்கியது. அவரும் அந்த நாயும் நிற்கிற சிலை மோரிஸ்டவுன் நகரத்தின் நடுவே இருக்கிறது. பயிற்சி நாட்களில் ஒரு மத்தியானம் அந்தச் சிலையைத் தடவிப் பார்த்தேன். நாயின் முதுகில் சேணம், அதாவது நாம் பிடித்து நடக்கக் கைப்பிடி வைத்த வார்ப்பட்டை, வடித்திருந்தார்கள். கைப்பிடி, நான் பிடித்திருந்த அதே கைப்பிடி.

விண்ணப்பித்தவுடன் நாய் கொடுத்துவிட மாட்டார்கள். வெள்ளைக் கோலோடு தனியாக நடக்கத் தெரிந்திருக்க வேண்டும், தினமும் போய்வர இடமும் வேலையும் இருக்க வேண்டும். வீட்டுக்கே ஒருவர் வந்து பார்த்தார். வந்தவர் சேணத்தின் கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டு, நாய் மாதிரியே முன்னால் இழுத்துக்கொண்டு நடந்தார். இதற்கு ஜூனோ நடை என்று பெயர். என் நடை எவ்வளவு வேகம், எவ்வளவு இழுப்பு எனக்கு ஒத்துவரும், சமநிலை எப்படி என்பதெல்லாம் இதில்தான் அளக்கிறார்கள். மெதுவாக நடக்கிற ஆளிடம் துடிப்பான நாயைக் கொடுத்தால் இருவருக்கும் கஷ்டம். இந்தப் பொருத்தம் பார்க்கிற வேலைதான் மொத்த விஷயத்துக்கும் உயிர் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நாயின் பக்கத்தில் இன்னும் நீண்ட கதை. ஏழெட்டு வாரக் குட்டியாக ஒரு தன்னார்வக் குடும்பத்திடம் போகிறது. ஒரு வயது தாண்டும்வரை அவர்கள் வீட்டில் வளர்த்து, கடை, ரயில், கூட்டம் எல்லாம் பழக்கித் திருப்பித் தருகிறார்கள். பிறகு பயிற்சியாளரிடம் நான்கு மாதம். அதிலும் எல்லா நாயும் தேறுவதில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் பெயர் வைப்பது அங்கே வழக்கம். பெயரை நாம் மாற்றுவதில்லை. ஹேசல் அப்படி வந்த பெயர்தான். அவளை வளர்த்த குடும்பத்தை நான் சந்தித்ததில்லை. பெற்ற பிள்ளை போல வளர்த்து, பதினைந்து மாதத்தில் முன்பின் தெரியாத ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தவர்கள். ஒவ்வொரு வருடமும் அவளுடைய பிறந்தநாளன்று பள்ளி மூலமாக அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டேன்.

மூன்றரை வாரம் பள்ளியிலேயே தங்க வேண்டும். முதல் இரண்டு நாள் நாயே கிடையாது. மூன்றாம் நாள் அறையில் உட்கார்ந்திருந்தபோது, தரையில் நகங்கள் தட்டுகிற சத்தம் கேட்டது, ஈர மூக்கு ஒன்று உள்ளங்கையில் பட்டது. அன்று ராத்திரி அவள் கதவுப் பக்கம் முகம் வைத்துப் படுத்து, பயிற்சியாளர் வருவார் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பிப் படுக்க ஐந்து நாள் ஆனது.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “ஆபீசுக்குப் போன்னு சொன்னா அதுவே கூட்டிட்டுப் போயிடுமா?” போகாது. வழி எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தெரு, எத்தனையாவது திருப்பம், எந்தப் பக்கம் படிக்கட்டு என்ற வரைபடம் முழுக்க என் தலைக்குள் இருக்கும். ஃபார்வர்ட், லெஃப்ட், ரைட் என்று நான் சொல்ல வேண்டும். அந்த வழியில் என்னை எதிலும் இடிக்காமல், விழாமல் கொண்டுபோவது அவள் பொறுப்பு. நடைபாதையின் விளிம்பு வந்தால் நிற்பாள். படி வந்தால் நிற்பாள். தலை உயரத்தில் கிளை தொங்கினால், தனக்கு அது இடைஞ்சலே இல்லாவிட்டாலும், என்னைச் சுற்றிக் கொண்டுபோவாள். சிக்னலைப் பார்த்து நாய் ரோட்டைக் கடக்கும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று காதால் கேட்டு முடிவெடுப்பது நான். அந்த முடிவு தப்பாக இருந்தால், சொல்லை மீறி நிற்பதற்கும் அவளைப் பழக்கியிருக்கிறார்கள்.

அந்த மீறலை ஒருமுறை முழுதாக அனுபவித்தேன். 2019, நவம்பர், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எனக்கு இணையாக ஓடுகிற வண்டிகள் கிளம்புகிற சத்தம் கேட்டு ஃபார்வர்ட் சொன்னேன். இரண்டு எட்டு வைத்தாள். சட்டென்று கைப்பிடி என் வயிற்றைப் பார்த்துத் திரும்பியது. குறுக்கே வந்து, உடம்பால் என் முழங்காலை அழுத்திப் பின்னால் தள்ளினாள். முகத்தில் காற்று அடித்தது, ஈரத் தார்மேல் டயர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எஞ்சின் சத்தமே இல்லை. மின்சாரக் கார். நியூஜெர்சியில் சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து வலது பக்கம் திரும்பலாம், அந்த ஓட்டுநர் நிற்காமலே திரும்பிவிட்டார். பக்கத்தில் நின்ற பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பயிற்சியின்போது பள்ளி ஆட்கள் வேண்டுமென்றே இப்படி வண்டியைக் குறுக்கே விட்டுப் பழக்குவார்கள், சத்தமில்லாத கார்களையும் வைத்து. மூன்று வருடம் முன்பு சொல்லிக்கொடுத்தது, அந்த அரை நொடியில் அவளிடம் இருந்தது. மண்டியிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் வாலை ஆட்டிவிட்டு மறுபடி விளிம்பில் போய் நின்றாள்.

வெள்ளைக் கோலோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். கோல், தடையைத் தொட்டுத் தெரிந்துகொள்கிற கருவி. குப்பைத்தொட்டி இருக்கிறது என்று தட்டினால்தான் தெரியும். ஹேசலோடு போகும்போது அங்கே குப்பைத்தொட்டி இருந்ததே தெரியாது, கைப்பிடி லேசாக இடது பக்கம் சாய்ந்து நேராகும், அவ்வளவுதான். தோல் சுற்றிய கைப்பிடி. அதன் வழியாக அவள் தோள்பட்டை இரண்டும் மாறி மாறி அசைவது விரலுக்குத் தெரியும். விளிம்பு வருவதற்கு இரண்டு எட்டு முன்னாலேயே அந்த அசைவு கனத்துவிடும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குக் கோலோடு பதினெட்டு நிமிடம், அவளோடு பதினொன்று. நேரத்தைவிடப் பெரிய வித்தியாசம், போய்ச் சேரும்போது தோளும் கழுத்தும் இறுகிப்போயிருக்காது.

ஆரம்பம் இவ்வளவு சுகமாக இல்லை. மூன்றாவது மாதம் தரையில் கிடக்கிற தின்பண்டத்துக்குத் தலை தாழ ஆரம்பித்தது. ஒரு பீட்சா துண்டுக்காக என்னைக் கம்பத்தில் மோதவிட்டாள், நெற்றியில் மூன்று தையல். பள்ளியைக் கூப்பிட்டேன். பயிற்சியாளர் வந்து இரண்டு நாள் கூடவே நடந்தார், அதற்குக் கட்டணம் கிடையாது. தப்பு என் பக்கம் இருந்தது. அவள் சரியாகச் செய்கிறபோதெல்லாம் பாராட்டுவதை நான் விட்டிருந்தேன். ஒவ்வொரு விளிம்பிலும் நின்றதற்கு “நல்ல பொண்ணு” என்று ஒரு வார்த்தை, அதுதான் அவளுக்குச் சம்பளம். அதை மறுபடி கொடுக்க ஆரம்பித்ததும் தலை நிமிர்ந்தது.

2017-ல் திருநெல்வேலியிலிருந்து அம்மா ஆறு மாதம் இருக்க வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். “ஏலே, நாய வீட்டுக்குள்ள விட்டா சாமி ரூமு என்னலே ஆவுறது?” முதல் வாரம் சோபாவிலிருந்து காலைக் கீழே வைக்கவில்லை. சாமி அறை வாசலில் ஹேசல் நிற்பாள், உள்ளே வர மாட்டாள் என்று பார்த்த பிறகு கொஞ்சம் இளகினாள். இரண்டாம் மாதம் அடுப்படியிலிருந்து குரல் கேட்டது: “ஏளா, தள்ளிப் படு, எண்ணெச் சட்டி வச்சிருக்கேன்.” வீட்டுப் பிள்ளையை அதட்டுகிற அதே குரல்.

உறவுக்காரர்கள், நண்பர்கள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாசத்தில் நாய்க்குத் தின்னக் கொடுக்காதீர்கள். ஒரு பொங்கல் விருந்தில், பாவம் பார்த்துக்கொண்டே இருக்கிறதே என்று ஓர் அத்தை தட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் ஊட்டிவிட்டார். உலர் திராட்சை போட்ட பொங்கல். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நல்லவேளை, அவரே வந்து சொன்னார். உடனே மருத்துவமனைக்கு ஓடி வாந்தி எடுக்க வைத்து, இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். அந்த இரண்டு ராத்திரியும் நான் உட்கார்ந்தே இருந்தேன். வெங்காயமும் சாக்லேட்டும்கூட நஞ்சுதான். சேணம் போட்டு நிற்கிற நாயைத் தொடவும் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். அதன் கவனம் போனால் அடிபடுவது அதைப் பிடித்திருக்கிற ஆள்.

1990-ல் வந்த ஏடிஏ என்ற அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி கடை, ஹோட்டல், டாக்ஸி எங்கும் சேவை நாயோடு போகலாம். நாய் எதற்கென்று பார்த்தாலே தெரியாவிட்டால், கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்கலாம்: இது ஊனத்துக்குத் தேவையான சேவை நாயா, என்ன வேலை செய்யப் பழகியிருக்கிறது. சான்றிதழ் காட்டச் சொல்ல முடியாது, அப்படி ஒரு அரசுப் பதிவே கிடையாது. இணையத்தில் காசுக்கு விற்கிற அட்டைகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. மன ஆறுதலுக்காக வைத்திருக்கிற நாயும் இந்தச் சட்டத்தில் சேவை நாய் ஆகாது. வளர்ப்பு நாய்க்குச் சட்டை மாட்டிக் கடைக்குள் கூட்டிவருகிறவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும். அது குரைத்துக் கடிக்கப் பாய்ந்தால், அடுத்த முறை சந்தேகத்தோடு நிறுத்தப்படுவது எங்களைப் போன்றவர்கள்தான்.

சட்டம் இருந்தும் மழையில் என்னை விட்டுவிட்டுப் போன டாக்ஸிகள் உண்டு. நாயைப் பார்த்ததும் வேகம் எடுக்கிற சத்தம் கேட்கும். மாதம் ஒன்றாவது இருக்கும், புகார் செய்தே ஓய்ந்தேன். அதைவிட வலித்தது எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்று. நாயைச் செருப்பு வைக்கிற இடத்தில் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். வழிபாட்டு இடங்களை ஏடிஏ கட்டுப்படுத்தாது, அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. நான் திரும்பி வந்துவிட்டேன். விஷயத்தைக் கேட்ட அம்மா, “பைரவருக்கு வாகனமே நாய்தானலே, அவருக்கு உள்ள சன்னதி வச்சிக்கிட்டு இத ஏன் விட மாட்டேங்காவ?” என்றாள். கோவில் பொறுப்பில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அம்மாவின் கேள்வியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள்.

பணம்: பள்ளிக்கு நான் கட்டியது 150 டாலர். 1934-லிருந்து மாறாத தொகை. அடுத்தடுத்த நாய்களுக்கு 50, முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு டாலர். மிச்சமெல்லாம் நன்கொடையில் நடக்கிறது. தீனியும் மருத்துவமும் நம் செலவு. எனக்குச் சராசரியாக மாதம் 120 டாலர் ஆனது, வருமான வரியில் மருத்துவச் செலவுக் கணக்கில் சேர்க்கலாம். அதைவிட முக்கியம் நேரம். தினம் இரண்டு வேளை அளந்து தீனி, நான்கு வேளை வெளியே, ராத்திரி முடி சீவுதல். பனிக்காலத்தில் ரோட்டில் தூவுகிற உப்பு பாதத்தைப் புண்ணாக்கும், வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் துடைக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றாலும் இதில் ஒன்றும் குறையாது. இதற்கு மனம் ஒப்பாதவர்களுக்குக் கோல்தான் நல்லது, அதில் எந்தக் குறைவும் இல்லை.

ஊருக்கு அவளைக் கூட்டிப்போனதில்லை. தெருநாய்கள் தங்கள் எல்லைக்குள் இன்னொரு நாயை விடாது. நடைபாதை இல்லாத இடத்தில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள விளிம்பும் கிடையாது. ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இந்தியா இருப்பதால், 2024 ஆகஸ்டிலிருந்து திரும்பி வருவதற்கு மைக்ரோசிப்பும், கிளம்புவதற்கு முன்பே முடித்த அமெரிக்கத் தடுப்பூசிச் சான்றும் கட்டாயம். நான் கோலோடு போய் வந்தேன்.

2024 டிசம்பரில், பத்து வயதில், அவளுக்கு ஓய்வு கொடுத்தோம். பள்ளியிடமே திருப்பித் தரலாம், அவர்கள் நல்ல வீடு பார்ப்பார்கள். நாங்கள் வைத்துக்கொண்டோம். இரண்டாவது நாய்க்கு விண்ணப்பித்து, போன மாதம் மறுபடி ஜூனோ நடை. தெருமுனை வரை போய்த் திரும்பியதும் பயிற்சியாளர், 2016 குறிப்பைவிட என் நடை ரொம்ப மெதுவாகிவிட்டது, முழங்கால் வலியா என்று கேட்டார். வலி எதுவும் இல்லை. கடைசி இரண்டு வருடம் ஹேசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கிறாள், நானும் தெரியாமலே அவளுக்கு ஈடாகத் தளர்ந்து நடந்திருக்கிறேன். சாய்ந்து பிடி என்று அவர் கைப்பிடியை இழுத்து வேகத்தைக் கூட்டினார். முதலில் பயமாக இருந்தது. மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது கால் பழைய கணக்குக்கு வந்துவிட்டது. எந்த வேகத்தை எழுதிக்கொள்ளட்டும் என்றார். 2016 வேகத்தையே எழுதுங்கள் என்றேன்.