ஹெல்தி 365 செயலி: நடைப் பழக்கத்துக்குக் கைகொடுக்குமா?

சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் இலவசச் செயலி இது. நடந்தால் ஹெல்த்பாயின்ட்ஸ் என்ற புள்ளிகள் கிடைக்கும், அவை போதிய அளவு சேர்ந்தபின் பற்றுச்சீட்டாக மாற்றலாம். பணமாகப் பார்த்தால் சொற்பம்தான், பழக்கம் பிடிக்கும்வரை தூண்டில் என்ற அளவில் சரி.

காலடி எண்ணும் கைப்பட்டை கட்டாயமில்லை, கைப்பேசியே எண்ணும். ஆனால் அதை மேசையில் வைத்துவிட்டு வீடு கூட்டினால் கணக்கில் ஏறாது. சட்டைப்பையில் இருந்தும் காலடி குறைகிறதா? ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு முறை செயலியை முடக்கியிருக்கலாம், அல்லது உடலசைவுத் தரவுக்கு அனுமதி தந்திருக்கமாட்டீர்கள். அமைப்புகளில் இரண்டையும் சரிசெய்துவிட்டு, இரவு படுக்குமுன் செயலியை ஒருமுறை திறந்து ஒத்திசையுங்கள்.

காலடி எண்ணிக்கையோடு வேகமும் முக்கியம்: பேச முடியணும், பாட முடியக்கூடாது. வாரம் 150 நிமிடம் அப்படி நடக்கணும். தேக்கா சந்தையில் காய்கறிப் பையோடு அசைந்து போவது இதில் சேராது! மழையென்றால் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளமே போதும்.