கணைய முன்னோடிச் செல்களை எண்ண உதவும் எதிர்பொருள் வங்கி

சுண்டெலிக் கருவில் கணையம் உருவாவதை ஆராய்பவர்களுக்கு, அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு ஹைபிரிடோமா (எதிர்பொருள் சுரக்கும் கலப்புச் செல்) வங்கியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1986இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கப்பட்ட இவ்வங்கி, பல ஆய்வகங்கள் ஒப்படைத்த செல்வழிகளைப் பேணி, அவை சுரக்கும் எதிர்பொருள்களை (குறிப்பிட்ட ஒரு புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகளை) இலாப நோக்கமின்றிக் குறைந்த விலையில் அனுப்புகிறது.

நான் பெரிதும் நம்பியிருப்பது, முன்னோடிச் செல்களின் (கணையத்தின் பல்வகைச் செல்களாக இனி மாறவிருக்கும் செல்களின்) உட்கருவில் உள்ள என்கேஎக்ஸ்6.1 புரதத்தைக் காட்டும் எஃப்55ஏ10 என்ற எதிர்பொருள். இதை ஒளிரும் சாயத்துடன் இட்டால், தொடக்க நாட்களில் கணைய எபிதீலியம் (கணையத்தின் செல்லடுக்கு) ஏறக்குறைய முழுவதும் ஒளிர்கிறது. கருவளர்ச்சியின் 14ஆம் நாளை ஒட்டிக் கிளைகளின் நுனிகள் இருண்டு, நாளங்களும் இன்சுலின் செல்களும் தோன்றவிருக்கும் தண்டுப் பகுதியில் மட்டும் ஒளி நிலைக்கிறது. உட்கருவின் விளிம்பு தெளிவாக இருப்பதால், நெருங்கி நிற்கும் செல்களையும் தனித்தனியாக எண்ண முடிகிறது.

இந்தத் துறையில் எண்ணிக்கைதான் உயிர்நாடி. சுற்றியுள்ள மெசன்கைம் (தளர்வான கருத்திசு) அனுப்பும் எஃப்ஜிஎஃப்10 என்ற வளர்ச்சிக் காரணி முன்னோடிச் செல்களைப் பெருக வைக்கிறது. அந்தச் சைகையை அவை தொடர்ந்து ஏற்கும் நிலையில் இருக்க சாக்ஸ்9 என்ற புரதம் தேவை. அண்டைச் செல்களுக்கிடையிலான நாட்ச் சைகையும் ஹெஸ்1 புரதமும், ஹார்மோன் செல்லாக மாறத் தூண்டும் நியூரோஜெனின்3ஐ அடக்கி, செல்கள் அவசரப்பட்டு முதிர்ந்துவிடாமல் தடுக்கின்றன. ஹெஸ்1 இல்லாத சுண்டெலியில் முன்னோடிகள் காலத்துக்கு முன்பே ஹார்மோன் செல்களாக மாறித் தீர்ந்துபோக, கணையம் சிறுத்துவிடுகிறது. தொடக்கத்தில் முன்னோடிகளை அழித்தால் கல்லீரல் போலன்றிக் கணையம் அந்த இழப்பை ஈடுசெய்வதில்லை என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மங்கலான சாயத்தை வைத்து எண்ணினால் முடிவே தடம் மாறிவிடும். முன்பு நாங்கள் வாங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் எதிர்பொருளில், புதிய தயாரிப்புத் தொகுதி வந்ததும் சைட்டோபிளாசம் (உட்கருவுக்கு வெளியே உள்ள செல்பகுதி) முழுவதும் புகைபோலப் படர்ந்து எண்ணிக்கை ஒத்துவராமல் போனது.

குறைகளும் உண்டு. எஃப்55ஏ10 சுண்டெலியில் உருவானது. சுண்டெலித் திசுவில் இடும்போது, அதை ஒளிரச் செய்யும் இரண்டாம் எதிர்பொருள் இரத்தக் குழாய்களில் உள்ள சுண்டெலியின் சொந்த எதிர்பொருள்களிலும் ஒட்டுவதால், திசுவுக்கு முன்கூட்டித் தடுப்புச் சிகிச்சை அவசியம். இதே வங்கியின் பிடிஎக்ஸ்1 (கணைய முன்னோடிகளின் மற்றொரு அடையாளப் புரதம்) எதிர்பொருளான எஃப்6ஏ11உம் சுண்டெலியினதே என்பதால், இரண்டையும் ஒரே வெட்டுத்துண்டில் எளிதாகப் பிரித்துக் காண இயலாது. அதனால் எஃப்55ஏ10ஐ நான் முயலில் உருவான சாக்ஸ்9 எதிர்பொருளுடன் இணைக்கிறேன். செறிவு தொகுதிக்குத் தொகுதி மாறுவதால், ஒவ்வொரு குப்பிக்கும் நீர்த்தல் அளவைப் புதிதாகச் சோதித்த பின்பே அரிய கருக்களில் பயன்படுத்த வேண்டும்.