வென்டிலேட்டரை எடுக்க இரண்டு மருத்துவக் குழுக்கள்: நடைமுறை எப்படி இருக்கிறது?

குணமாக வழியில்லாத நோயாளிக்கு உயிர்காப்புக் கருவியை நிறுத்தலாமா என்பதை இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. ஐந்து ஆண்டுகள் ஏட்டோடு நின்றது. காரணம் அப்போதைய நிபந்தனைகள்: லிவிங் வில்லுக்கு (குணமாகாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம்) மாஜிஸ்திரேட் கையெழுத்து, குழுவில் இருப்பவருக்கு 20 ஆண்டு அனுபவம், இரண்டாம் குழுவை அமைக்கக் கலெக்டர், கடைசியில் மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது. ஐசியூவில் கிடப்பவருக்கு அவ்வளவு நாள் ஏது? 2023 ஜனவரி 24 திருத்தம்தான் இதைப் பயன்படுத்தும்படி ஆக்கியது.

இப்போது முதல் குழுவில் சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்து ஆண்டு அனுபவமுள்ள குறைந்தது இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். இரண்டாம் குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்கள். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். வில் இருந்தால் அதில் பெயர் உள்ளவர், இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர் சம்மதிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

சிக்கல் வருவது, இரண்டாம் குழுவுக்கு மாவட்ட அதிகாரி செய்யும் அந்த ஒரு நியமனத்தில். நியமிக்க வேண்டிய மருத்துவர்களின் பெயர்ப் பட்டியல் முன்பே தயாராக இல்லாத மாவட்டத்தில் இரண்டாம் குழு கூடவே முடியாது. 48 மணி நேரக் கணக்கு தொடங்குவதற்கே வழியில்லை. கர்நாடகம் 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டு, இந்த நியமனத்தை மாவட்ட சுகாதார அதிகாரியிடம் கொடுத்தது. எல்லா மாநிலங்களும் செய்திருக்க வேண்டிய வேலை. பட்டியல் இல்லாத இடத்தில் குடும்பத்தார், மருத்துவர் சொல்லை மீறிச் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். வலி மருந்தும் மூச்சுத்திணறலுக்கான மருந்தும் இல்லாமல் ஆம்புலன்ஸில் உயிர் போவது கொடுமை. குழு வழியாக நிறுத்தினால் அந்த மருந்துகள் கடைசிவரை தொடரும்.

வில் எழுதுவோர் செய்யும் பெரிய தவறு, "மெஷின் வேண்டாம்" என்று பொதுவாக எழுதுவது. நிமோனியாவுக்கு நான்கு நாள் வென்டிலேட்டர் வைத்தால் பிழைப்பவருக்கும் அந்த வரி குறுக்கே நிற்கும். எந்த நிலையில், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள்: வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய் உணவு, இதய மசாஜ். சார்பற்ற இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்குங்கள். முடிவு சொல்ல ஒருவருக்கு மேல் பெயர் குறிப்பிடலாம். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் இது கை கொடுக்கும். பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுங்கள், பீரோவில் பூட்டினால் பயனில்லை.

இரண்டாம் குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், இரு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். அதற்கு முன், ஐசியூவில் சேர்த்த முதல் வாரத்திலேயே மருத்துவமனை நிர்வாகத்திடம் கேட்டு வையுங்கள்: இரண்டாம் குழுவுக்கு அரசு நியமித்த மருத்துவர் யார்?