தளர்த்து, கணக்குப் பார், விலை வை: சுற்றுச்சூழலுக்கு வலதுசாரிகள் வைத்த மூன்று வழிகள்

வலதுசாரி என்றால் தொழிற்சாலைப் பக்கம், இடதுசாரி என்றால் மரம் செடி கொடிப் பக்கம் என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க அதிபராக இருந்த ரிச்சர்டு நிக்சன் ஒரு தலைவலி. வலதுசாரிகளின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அவர்தான் 1970-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைத் தொடங்கினார். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தில் 1973-ல் கையெழுத்திட்டதும் அவரே. இடையில், 1972-ல், தூய நீர்ச் சட்டம் மேசைக்கு வந்தபோது செலவு கட்டுப்படியாகாது என்று வீட்டோ செய்து தடுத்தார். நாடாளுமன்றம் அதை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது.

எவ்வளவு செலவில், யார் பணத்தில் என்பதுதான் அவருக்கு உறுத்தல். பின்னால் வந்தவர்கள் அதற்கு மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள்.

முதல் வழி, விதிகளைத் தளர்த்துவது. வளர்ச்சி வரட்டும், கையில் காசு சேர்ந்தால் சுத்தமும் தானாக வரும் என்பது வாதம். இதை வெறும் முதலாளி விசுவாசம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 1977-ல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், கந்தகம் குறைவான நிலக்கரியை எரிக்கும் புதிய மின்நிலையங்களும் புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவும் கருவியைப் பொருத்த வேண்டும் என்றன. கிழக்கு மாநிலங்களின் கந்தகம் மிகுந்த நிலக்கரிக்குச் சந்தை போய்விடக் கூடாது என்ற அரசியல் அதற்குள் இருந்தது. சுற்றுச்சூழல் பெயரில் வந்த விதி, சுரங்கத்தைக் காத்தது. இப்படிப்பட்ட விதியைக் கிண்டல் செய்ய வலதுசாரிகளுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் தளர்த்திவிட்டால் செலவு ஒழிந்துவிடுவதில்லை. ஆலையின் கணக்கிலிருந்து பக்கத்து ஊர்க்காரரின் மருத்துவமனைக் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, வரவு செலவுக் கணக்கு. அதிபர் ரொனால்டு ரேகன் 1981 பிப்ரவரியில் ஓர் ஆணை போட்டார்: பெரிய விதி எதுவானாலும் அதன் பலன் செலவைவிட அதிகம் என்று காட்ட வேண்டும். விதிகளை வெட்டத் தீட்டிய கத்தி இது என்று சூழலியலாளர்கள் பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. 1982-ல் பெட்ரோலில் ஈயம் கலக்கும் வரம்பைத் தளர்த்தும் பேச்சு சுற்றுச்சூழல் முகமைக்குள்ளேயே ஓடியது. பிறகு கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஈயம் உடலில் ஏறிய குழந்தைகளின் மருத்துவச் செலவு, அவர்களின் சிறப்புக் கல்விச் செலவு, வண்டிப் பராமரிப்பில் மிச்சமாகும் பணம் என்று வரிவரியாகச் சேர்த்தால், பலன் செலவைப் பல மடங்கு தாண்டியது. 1985-ல் அதே ரேகன் அரசு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 1.1 கிராம் ஈயத்தை, 1986 தொடக்கத்துக்குள் 0.1 கிராமாகக் குறைக்க உத்தரவிட்டது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அவர் ஆதரவு தந்ததற்குப் பின்னாலும் இதே வகைக் கணக்கு உண்டு.

இந்த வழியின் ஓட்டை, எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதில் இருக்கிறது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு விளைவிக்கும் சேதத்தை ஒபாமா அரசு சுமார் 40 டாலர் என்றது. டிரம்பின் முதல் ஆட்சி, அமெரிக்காவுக்குள் நடக்கும் சேதத்தை மட்டும் எடுத்து, எதிர்காலச் சேதத்தின் மதிப்பையும் குறைத்து, 1 முதல் 7 டாலருக்குள் முடித்துவிட்டது. பேனா யார் கையில் இருக்கிறதோ, கூட்டலும் அவர்களுடையது.

மூன்றாவது வழி, மாசுக்கே ஒரு விலை வைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். அமில மழையைத் தடுக்க அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் 1990-ல் கையெழுத்திட்ட சட்டம், மின்நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு மொத்த வரம்பு வைத்து, அந்த வரம்புக்குள் வெளியிடும் உரிமங்களை நிலையங்கள் தங்களுக்குள் வாங்க விற்க விட்டது. எப்படிக் குறைப்பது என்பது அவரவர் பாடு. சிலர் கழுவும் கருவி வைத்தார்கள். பலர் மேற்கு மாநிலமான வயோமிங்கிலிருந்து கந்தகம் குறைந்த நிலக்கரியை ரயிலில் இறக்கினார்கள். அந்த ரயில் கட்டணம் இறங்கியிருந்ததற்கு 1980-ல் ரயில்வே கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் ஒரு காரணம். ஆக, முதல் வழிக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த செலவில் வேலை முடிந்தது.

இவ்வளவு நன்றாக ஓடிய சொந்தக் கருவியைக் குடியரசுக் கட்சியே கைகழுவியது. கார்பனுக்கு அதே முறையைக் கொண்டுவந்த மசோதா 2009-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியபோது, ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 8 பேர். கார்பன் வரி வேண்டும் என்ற தென் கரோலைனா உறுப்பினர் பாப் இங்கிலிஸ், 2010-ல் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். பொருளாதாரம் மாறிவிடவில்லை. முதல் வழியில் செலவு யார் கண்ணுக்கும் படாது, இரண்டாவதில் பொருளின் விலைக்குள் ஒளிந்துகொள்ளும், மூன்றாவதிலோ பெட்ரோல் பங்க் ரசீதில் பல்லிளிக்கும். மலிவான வழி, ஓட்டுக்கு விலையுயர்ந்த வழி! இது வலதுசாரிகளுக்கு மட்டுமான கோழைத்தனமும் அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008-ல் கார்பன் வரி போட்டு, வந்த பணத்தை வருமான வரிக் குறைப்பாகத் திருப்பித் தந்தது வலப்பக்கம் சாய்ந்த அரசு. நுகர்வோர் மீதான அந்த வரியை 2025 ஏப்ரலில் எடுத்தது இடப்பக்க அரசு.

பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் வாதம் கணக்குக்குள் அடங்காதது. பூமியை எந்தத் தலைமுறையும் கிரயம் வாங்கிவிடவில்லை, நமக்கிருப்பது பழுதுபார்த்துத் திருப்பித் தரவேண்டிய குத்தகை மட்டுமே என்ற பொருளில் 1988-ல் கட்சி மாநாட்டில் பேசினார். கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் ஆலை முதலாளியிடம் என்ன செய்யச் சொல்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

வாதமே இல்லாமல் காரியம் நடந்த இடம் டெக்சாஸ். மூத்தவரின் மகனான இளைய புஷ் அங்கே ஆளுநராக இருந்தபோது 1999-ல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு இலக்கு வைத்தார். இன்று அமெரிக்காவில் காற்றாலை மின்சாரத்தில் அந்த எண்ணெய் மாநிலமே முதலிடம். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட விவசாயிக்குப் பணம் வருகிறது, பருவநிலை பற்றி அவர் என்ன நினைத்தாலும் சரி. 2022-ல் ஜோ பைடனின் பசுமைச் சலுகைச் சட்டத்தை ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினரும் ஆதரிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் அதே கட்சியின் 18 பேர், அதை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய வேண்டாம் என்று அவைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களின் தொகுதிகளில் ஆலைகள் எழும்பத் தொடங்கியிருந்தன. 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் காற்றாலை, சூரிய மின் சலுகைகளை அப்படியும் வெட்டிவிட்டது.